பாராட்டை அவருக்கே விட்டுக்கொடுங்கள்

ஒரு கோரிக்கையை அரசியல்வாதியிடம் கொண்டு செல்பவர்கள் பெரும்பாலும் குறைகளை அடுக்குவதிலேயே நேரத்தைச் செலவிடுகிறார்கள்; அதை நிறைவேற்றினால் அவருக்கு என்ன பெயர் கிடைக்கும் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். தேர்தலில் நிற்பவருக்கு, தாம் செய்ததாகச் சுட்டிக்காட்டக்கூடிய பணிதான் கைமுதல். ஆகவே பணி முடிந்ததும் தொடங்கிவைக்க அவரையே அழைப்போம், நன்றி அறிவிப்பில் அவர் பெயரைக் குறிப்பிடுவோம் என்பதை மனு கொடுக்கும்போதே தெரிவித்துவிடுங்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவுக்கு நிதியுதவி அளிக்க விரும்பிய அமெரிக்க அதிபர் ட்ரூமன், எதிர்க்கட்சியினர் பெரும்பான்மையாக இருந்த நாடாளுமன்றத்தில் தம் பெயரைத் தாங்கிய திட்டம் தேறாது என்பதை உணர்ந்து, இரு கட்சியினரும் மதித்த வெளியுறவு அமைச்சர் மார்ஷலின் பெயராலேயே அது அழைக்கப்படட்டும் என்று ஒதுங்கிக்கொண்டார். 1948 ஏப்ரலில் அது சட்டமாயிற்று.

பாராட்டு உண்மையாகவும் குறிப்பாகவும் இருக்க வேண்டும். 'மக்கள் தலைவர்' என்ற புகழ்ச்சியை அவர் நாள்தோறும் கேட்கிறார் (கேட்கும் நமக்கே அலுத்துவிட்டது). மாறாக, இன்ன தேதியில் இன்ன கூட்டத்தில் அவர் இந்தக் கேள்வியை எழுப்பியதால்தான் இது நடந்தது என்று எழுதி, அதன் நகலைச் செய்தித்தாளுக்கும் அனுப்பினால், அவருடைய அலுவலகம் உங்களை நினைவில் வைத்திருக்கும். செய்யாத வேலைக்கு நன்றி சொல்லாதீர்கள். பாதிதான் நடந்திருக்கிறது என்றால், அந்தப் பாதிக்கு நன்றி கூறி, மீதியை அதே கடிதத்தில் கேட்டுவிடலாம்.