கதவு திறந்தால் கைப்பேசிக்குச் செய்தி: நோட்எம்சியு பலகையில் காந்த ஸ்விட்ச் அலாரம் செய்யும் முறை

வாசற்கதவோ மொட்டைமாடிக் கதவோ திறக்கப்பட்ட உடனே வீட்டுக்குள் ஒலி எழுப்பி, நம் கைப்பேசிக்கு டெலிகிராம் வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவி ஒன்றை, ஈஎஸ்பி8266 என்ற வைஃபை சிப் கொண்ட நோட்எம்சியு பலகையில் செய்யும் முறையை இங்கே எழுதுகிறேன். எங்கள் வீட்டு மாடிக் கதவில் இது நெடுநாளாக இயங்கி வருகிறது. இத்தகைய செய்முறைகளில் பெரும்பாலானவை, கருவி மேசைமேல் வேலை செய்து காட்டியதோடு முடிந்துவிடுகின்றன; கதவில் பொருத்திய பிறகு வரும் சிக்கல்களை அவை தொடுவதில்லை. காரணமில்லாமல் நள்ளிரவில் அலறும் அலாரத்தை வீட்டார் விரைவிலேயே கழற்றிப் போட்டுவிடுவார்கள். அலற வேண்டிய நேரத்தில் அது ஊமையாக இருந்துவிட்டால் கேடு இன்னும் பெரிது. இந்த இரண்டையும் தவிர்க்கும் வழிகளுக்கே இங்கே அதிக இடம் தந்திருக்கிறேன். நிரல் எழுதிப் பலகையில் ஏற்ற உதவும் ஆர்டுயினோ ஐடிஇ மென்பொருளை நிறுவுவது, அதில் ஈஎஸ்பி8266 பலகைகளைச் சேர்ப்பது, எல்இடி ஒன்றை மினுக்கிப் பார்ப்பது ஆகியவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

வாங்க வேண்டியவை

நோட்எம்சியு பலகை ஒன்று, எம்சி-38 என்ற பெயரில் விற்கப்படும் காந்த ஸ்விட்ச் ஒரு ஜோடி, மின்சாரம் கொடுத்தாலே ஒலிக்கும் 5 வோல்ட் ஆக்டிவ் பஸ்ஸர், பிசி547 டிரான்சிஸ்டர், 1 கிலோ ஓம் இரண்டு, 4.7 கிலோ ஓம் ஒன்று, 10 கிலோ ஓம் ஒன்று என மின்தடைகள், 104 என்று அச்சிட்ட 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், நல்ல யூஎஸ்பி கேபிள், குறைந்தது 1 ஆம்பியர் தரும் 5 வோல்ட் சார்ஜர் ஆகியவை போதும். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் ஒரே நடையில் எல்லாவற்றையும் வாங்கிவிடலாம். மல்டிமீட்டர் இல்லாதவர்கள் மற்ற எதையும் வாங்கும் முன் அதை வாங்குங்கள். மலிவான மீட்டரே இந்த வேலைக்குப் போதுமானது.

ஆள் நடமாட்டத்தை உணரும் பிஐஆர் சென்சாரை ஏன் பரிந்துரைக்கவில்லை என்று சிலர் கேட்கக்கூடும். பரவலாகக் கிடைக்கும் எச்சி-எஸ்ஆர்501 பலகை, உடல் வெப்பத்திலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர்களில் ஏற்படும் மாற்றத்தைக் கவனிக்கிறது. பூனை குறுக்கே போனாலும், வெயிலில் சூடான திரை காற்றில் அசைந்தாலும் அது ஏமாந்துவிடும். போதாததற்கு, ஈஎஸ்பி8266-இன் வைஃபை ஆன்டெனாவுக்கு அருகில் வைத்தால், அந்த அலைகளாலேயே தூண்டப்பட்டுப் பொய்யாகச் சைகை கொடுப்பதும் உண்டு. காந்த ஸ்விட்சுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் இருக்கின்றன. காந்தம் அருகில் வந்தால் அவை ஒட்டிக்கொள்ளும், விலகினால் பிரிந்துவிடும். முதல் கருவிக்கு இதுவே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

ஸ்விட்சை எந்தப் பின்னில் இணைப்பது

கதவு மூடியிருக்கும்போது காந்தம் அருகில் இருப்பதால் ஸ்விட்சின் இரு முனைகளும் இணைந்திருக்கும். ஒரு முனையை கிரவுண்டிலும் (0 வோல்ட்) மற்றொன்றைப் பலகையின் பின் ஒன்றிலும் (ஒயர் செருகும் கால்) கொடுத்தால், மூடிய கதவு அந்தப் பின்னைத் தாழ்நிலையில் (0 வோல்ட்) வைத்திருக்கும். கதவு திறந்தால், 3.3 வோல்ட்டை நோக்கி இழுக்கும் புல்-அப் என்ற மின்தடையால் அந்தப் பின் உயர்நிலைக்கு (3.3 வோல்ட்) போகும். யாரேனும் ஒயரை அறுத்தாலும் அந்தப் பின் உயர்நிலைக்கே போகும் என்பதால் அலாரம் ஒலிக்கும். இதை மாற்றி அமைத்தால், ஒயர் அறுந்ததைக் கருவி கதவு மூடியிருப்பதாகவே கொள்ளும். எனவே இந்த அமைப்பைத் தவிர வேறு எதையும் நான் ஏற்பதில்லை.

இனி நிதானமாகப் படியுங்கள். பலகையில் வரிசையாக டி0 முதல் டி8 வரை எழுதியிருப்பதைப் பார்த்து, ஏதோ ஒன்றில் செருகிவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்யக் கூடாது. டி3 என்று எழுதியிருப்பது சிப்பின் ஜிபிஐஓ 0 (ஜிபிஐஓ என்பது சிப்பின் பின்களுக்கான எண்வரிசை). டி4 என்பது ஜிபிஐஓ 2. டி8 என்பது ஜிபிஐஓ 15. மின்சாரம் வந்து சிப் விழித்தெழும் கணத்தில் இந்த மூன்று பின்களின் நிலையைப் பார்த்துத்தான், நாம் ஏற்றிய நிரலை ஓட்டுவதா, புதிய நிரலுக்காகக் காத்திருப்பதா என்று அது முடிவு செய்கிறது. முதலிரண்டும் உயர்நிலையிலும், டி8 தாழ்நிலையிலும் இருந்தால்தான் நம் நிரல் ஓடும்.

காந்த ஸ்விட்ச் டி3-இல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேசைமேல் காந்தத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பலகைக்கு மின்சாரம் கொடுக்கிறோம். எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. கதவில் பொருத்திய பின்னும் நன்றாகவே ஓடுகிறது. ஒருநாள் மின்சாரம் நின்று திரும்ப வருகிறது. அப்போது கதவு மூடியிருக்கிறது, ஸ்விட்ச் டி3-ஐ கிரவுண்டோடு பிணைத்திருக்கிறது, சிப் புதிய நிரலுக்காகக் காத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுகிறது. பலகை செத்துவிட்டது போல இருக்கும். ஆனால் கழற்றி மேசைக்குக் கொண்டுவந்தால் காந்தம் விலகிவிடுவதால் மறுபடியும் சரியாக வேலை செய்யும். இந்தக் கண்ணாமூச்சிதான் என்னை மிகவும் அலைக்கழித்தது. சார்ஜர், கேபிள், பலகை என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்த பிறகே டி3 பின்தான் காரணம் என்பது பிடிபட்டது.

ஆகவே ஸ்விட்சை டி5-இல் இணையுங்கள். டி6, டி7 ஆகியவையும் நல்லவையே. பஸ்ஸருக்கு டி1 பின்னை ஒதுக்குங்கள். துவங்கும் கணத்தில் பல பின்கள் நொடிப்பொழுது உயர்நிலைக்குப் போய்த் திரும்பும், டி1-உம் டி2-உம் அப்படிப் போவதில்லை. மின்சாரம் வரும்போதெல்லாம் பஸ்ஸர் ஒருமுறை கத்தி வீட்டாரை எழுப்பாமலிருக்க இது உதவும். பின்னிலிருந்து 1 கிலோ ஓம் மின்தடை வழியாக பிசி547-இன் பேஸ், எமிட்டர் கிரவுண்டுக்கு, கலெக்டர் பஸ்ஸரின் எதிர்முனைக்கு, பஸ்ஸரின் நேர்முனை 5 வோல்ட்டுக்கு என்று இணைக்க வேண்டும். பேஸுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 கிலோ ஓம் ஒன்றைப் போட்டுவிடுவது நல்லது.

நீளமான ஒயரும் தண்ணீர் மோட்டாரும்

சிப்புக்குள்ளேயே இருக்கும் புல்-அப்பை நிரலில் இயக்கிவிட்டால் தனி மின்தடை தேவையில்லை என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். ஸ்விட்ச் பலகைக்குப் பக்கத்திலேயே இருந்தால் அது உண்மைதான். உள்ளே இருக்கும் மின்தடையின் மதிப்பு பல பத்தாயிரம் ஓம்; அவ்வளவு மெலிந்த பிடியில் நிற்கும் பின்னோடு பத்து மீட்டர் ஒயரைக் கோத்தால், அந்த ஒயர் ஓர் ஆன்டெனாவாகிவிடும். பக்கத்தில் 230 வோல்ட் ஒயரிங் ஓடும் சுவரில், தண்ணீர் மோட்டார் போடும்போதும் மிக்ஸி நிற்கும்போதும் எழும் திடீர் மின்துடிப்பு, கதவு திறந்த சைகையைப் போலவே பின்னில் தெரியும்.

இதற்கு நான்கு வேலைகளைச் சேர்த்தே செய்யுங்கள். முதலாவது, 3.3 வோல்ட்டுக்கும் ஸ்விட்ச் ஒயருக்கும் இடையே 4.7 கிலோ ஓம் மின்தடையை வெளியில் போடுங்கள். இரண்டாவது, ஒயரிலிருந்து டி5-க்கு வரும் வழியில் 1 கிலோ ஓம் ஒன்றையும், டி5-க்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரையும் பலகைக்கு ஒட்டினாற்போல் சால்டர் செய்யுங்கள். மூன்றாவது, சாதாரண ஒயருக்குப் பதிலாக நெட்வொர்க் கேபிளில் இருக்கும் முறுக்கிய ஜோடி ஒன்றைப் பயன்படுத்தி, அதை மின் ஒயரிங்கோடு இணையாகப் போகாமல் தள்ளி இழுங்கள். நான்காவது நிரலில் இருக்கிறது: பின்னின் நிலை மாறியதும் நம்பிவிடாமல், அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, 50 மில்லி நொடி அதே நிலையில் நீடித்தால் மட்டும் கதவு திறந்ததாகக் கொள்ளுங்கள். மனிதர் எவரும் அதைவிட விரைவாகக் கதவைத் திறந்து மூட முடியாது.

கதவில் பொருத்துதல்

ஒயர் உள்ள பாதியைக் கதவின் நிலைச்சட்டத்திலும், காந்தப் பாதியைக் கதவிலும், கீலுக்கு எதிர்ப்புறமாக மேல் மூலையில் பொருத்த வேண்டும். மரக்கதவில் ஏறத்தாழ 15 முதல் 25 மில்லிமீட்டர் இடைவெளி வரை ஸ்விட்ச் பிடிக்கும். ஆனால் அந்த எல்லையில் கொண்டுபோய் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் மரம் உப்பிக் கதவு நிலையோடு சரியாகப் பொருந்தாமல் நிற்கும், காற்றில் தாழ்ப்பாளின் ஆட்டத்துக்கு ஏற்பக் கதவு முன்பின்னாக அசையும். மூடிய நிலையில் இடைவெளி 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் இந்த அசைவுகளைத் தாங்கிக்கொள்ளும். இரும்புக் கதவிலும் கிரில்லிலும் இரும்பே காந்தப் புலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் பிடிக்கும் தூரம் வெகுவாகக் குறையும். இரு பாதிகளுக்கும் அடியில் சிறு மரத்துண்டோ கெட்டியான பிளாஸ்டிக்கோ கொடுத்து உயர்த்திப் பொருத்துங்கள். இருபக்க டேப்பை நம்பாமல் திருகாணி போடுவது நல்லது; வெயில் படும் கதவில் பசை இளகிக் காந்தம் மெல்லச் சரிந்துவிடும்.

டெலிகிராமும் நிரலும்

டெலிகிராமில் பாட்ஃபாதர் என்ற கணக்கிடம் புதிய பாட் (நிரல் இயக்கும் கணக்கு) ஒன்றைக் கேட்டுப் பெற்றால், டோக்கன் என்ற நீளமான இரகசியக் குறியீடு ஒன்றைத் தரும். அதை வைத்திருக்கும் எவரும் உங்கள் பாட்டை இயக்கலாம் என்பதால், நிரலைப் பிறருக்கு அனுப்பும் முன் அந்த வரியை நீக்கிவிடுங்கள். அடுத்து, உங்கள் கைப்பேசியிலிருந்து அந்த பாட்டுக்கு நீங்கள்தான் முதலில் ஒரு செய்தி அனுப்ப வேண்டும்; அறிமுகமில்லாத ஒருவருக்கு பாட் தானாகச் செய்தி அனுப்புவதை டெலிகிராம் அனுமதிப்பதில்லை. நிரலில் எல்லாம் சரியாக இருந்தும் செய்தி வராதவர்கள் முதலில் இதைச் சரிபாருங்கள்.

டெலிகிராமுடனான இணைப்பு மறையாக்கம் செய்யப்பட்டது. எதிரே இருப்பது உண்மையான டெலிகிராம்தான் என்று காட்டும் சான்றிதழைச் சரிபார்க்கும் முறையில் நீங்கள் எழுதினால், பலகைக்கு இன்றைய தேதி தெரிந்திருக்க வேண்டும். பேட்டரி வைத்த கடிகாரம் அதில் இல்லாததால், ஒவ்வொரு முறை துவங்கும்போதும் அது 1970 ஜனவரி 1 என்றே எண்ணிக்கொள்ளும். அந்தத் தேதியில் சான்றிதழ் செல்லுபடியாகத் தொடங்கவே இல்லை என்பதால் இணைப்பு மறுக்கப்படும். எனவே வைஃபை கிடைத்ததும் முதலில் இணையத்தில் நேரம் தரும் என்டிபி சேவை வழியாக நேரத்தைப் பெற்றுக்கொண்டு, பிறகு செய்தி அனுப்புங்கள். சரிபார்ப்பையே விட்டுவிடும் குறுக்குவழியை முதல் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நிரலின் ஒழுங்கில் ஒன்றை வலியுறுத்துகிறேன். பெரும்பாலான மாதிரி நிரல்கள், வைஃபை கிடைக்கும்வரை துவக்கப் பகுதியிலேயே காத்திருக்கும்படி எழுதப்பட்டிருக்கும். மின்வெட்டுக்குப் பிறகு நம் பலகை நொடியில் எழுந்துவிடும். ரவுட்டர் எழுந்து இணையம் பிடிக்கச் சில நிமிடங்கள் ஆகலாம். அதுவரை கதவைப் பார்க்க ஆளில்லை. ஆகையால் வைஃபை இணைப்பைத் தொடங்கி வைத்துவிட்டு உடனே கதவைக் கவனிக்கும் சுழற்சிக்குள் போய்விட வேண்டும். கதவு திறந்தால் முதலில் பஸ்ஸர், பிறகு செய்தி. அனுப்ப முடியவில்லையென்றால் அதை நினைவில் வைத்துக்கொண்டு, இணைப்பு வந்ததும் அனுப்ப வேண்டும். செய்தி அனுப்பும் சில நொடிகளில் சுழற்சி நின்றுவிடும் என்பதால்தான் பஸ்ஸர் முந்த வேண்டும் என்கிறேன்.

கருவி துவங்கும்போது ஒரு செய்தியும், நாள்தோறும் குறிப்பிட்ட நேரத்தில் ‘இயங்குகிறேன்’ என்று ஒரு செய்தியும் வரும்படி அமைத்துவிடுங்கள். அன்றாடச் செய்தி வராத நாளில், கருவி நின்றுவிட்டது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

சோதனை

கதவை மூடுங்கள். மூடியபடியே சார்ஜரை நிறுத்தி மீண்டும் போடுங்கள். துவக்கச் செய்தி வர வேண்டும். பிறகு ரவுட்டரை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து பாருங்கள். பஸ்ஸர் ஒலிக்க வேண்டும், ரவுட்டர் திரும்பியதும் செய்தி வர வேண்டும். ஒயரின் ஒரு முனையைக் கழற்றிப் பாருங்கள். தண்ணீர் மோட்டாரைப் போட்டு நிறுத்திப் பாருங்கள். இந்த நான்கிலும் தேறிய பிறகே பெட்டியை மூடித் திருகுங்கள்.

பின்சேர்க்கை

இதைச் செய்து பார்த்தவர்கள் கேட்டவற்றிலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். ஈஎஸ்பி8266 சிப் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே அறியும். ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கினால் அதன் பெயரே பலகைக்குத் தெரியாது. கணினி பலகையைக் காணவில்லை என்றால், கேபிள் சார்ஜ் செய்ய மட்டும் பயன்படும் வகையா என்று பாருங்கள். அடுத்து, பலகையின் யூஎஸ்பி சிப்புக்கான டிரைவர் (பல பலகைகளில் சிஎச்340) கணினியில் நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பஸ்ஸரின் ஒலி போதவில்லை, 12 வோல்ட் சைரன் வைக்கலாமா என்று கேட்டார்கள். வைக்கலாம், ஆனால் பிசி547 அதிகபட்சம் 100 மில்லி ஆம்பியர் வரைதான் தாங்கும் என்பதால், அதற்குப் பதில் ஐஆர்எல்இசட்44என் மாஸ்ஃபெட்டைப் போடுங்கள். கடைகளில் எளிதில் கிடைக்கும் ஐஆர்எஃப்540 நம் பலகையின் 3.3 வோல்ட்டில் முழுமையாகத் திறக்காது. சைரனுக்கான 12 வோல்ட்டிலிருந்தே பலகைக்கும் மின்சாரம் எடுக்க, மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் எல்எம்2596 பக் கன்வெர்ட்டர் உதவும். அதன் திருகைத் திருப்பி வெளியீடு 5 வோல்ட்டில் நிற்பதை மீட்டரில் பார்த்த பிறகே பலகையை இணைக்க வேண்டும்.

மின்வெட்டு நேரத்திலும் இயங்க, ரவுட்டருக்கென விற்கப்படும் சிறிய யூபிஎஸ்ஸில் 5 வோல்ட் வெளியீடும் உள்ளதாக வாங்கி, ரவுட்டரையும் கருவியையும் அதிலேயே இணைப்பது எனக்குப் பிடித்த வழி. பவர் பேங்கை இதற்குப் பயன்படுத்தினால், பலகை எடுக்கும் சிறு மின்னோட்டத்தைக் கண்டு எதுவும் இணைக்கப்படவில்லை என்று எண்ணிப் பல வகைகள் தாமாகவே அணைந்துவிடும். உங்களிடம் இருப்பது அப்படிப்பட்டதா என்பதை, சுவர் மின்சாரத்தைத் துண்டித்து ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.