‘ஆம் எனில்’ என்று எழுதாதீர்கள்: நாடாளுமன்றக் கேள்வி வரைவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூட்டத்தொடர் தேதி வெளியானதும் எம்.பி. அலுவலகங்களில் கேள்வி எழுதும் வேலை மும்முரமாகிவிடும். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள் இருவர் முதியோர் உதவித்தொகை பற்றி ஆளுக்கொரு வரைவு கொண்டுவந்து நீட்டினார்கள். படித்ததும் பகீரென்றது. பல ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிக் கெடுத்த அதே கேள்வி, ஏறக்குறைய அதே சொற்களில் இருந்தது. அன்று மாலை அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கேள்வி 150 சொல்லைத் தாண்டக் கூடாது, குறைந்தது 15 நாள் முன்னதாக அறிவிப்புத் தர வேண்டும், வாதமோ வசையோ கூடாது என்பதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. தவறினால் மக்களவைச் செயலகமே திருப்பி அனுப்பிப் புரியவைத்துவிடும். செயலகம் ஏற்றுக்கொள்ளும், அமைச்சகம் பதிலும் தரும், கடைசியில் தொகுதி மக்களிடம் எடுத்துச் சொல்ல ஒரு வரிகூட மிஞ்சாது என்ற வகைத் தவறுகளைப் பற்றியே எனக்குக் கவலை.

ஓய்வூதியம் என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடைப்பது

தமிழில் நாம் தாராளமாக ‘பென்ஷன்’ என்கிறோம். தாலுகா அலுவலக வாசலில் நிற்கும் மூதாட்டிக்கும் பென்ஷன்தான், மில்லில் முப்பது ஆண்டு உழைத்துவிட்டு வந்தவருக்கும் பென்ஷன்தான். டெல்லியில் இவை வேறு வேறு வாசல்கள். இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியம் ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் கீழ் வருகிறது. வருங்கால வைப்புநிதியோடு சேர்ந்த 1995 ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் தொழிலாளர் மற்றும் வேலைவாய்ப்பு அமைச்சகத்தின் பொறுப்பு. ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் பதில் சொல்லும் நாள் தனியாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. அமைச்சகத்தை மாற்றி எழுதினால் கேள்வி இடம்மாற்றப்பட்டு, நாளும் தள்ளிப்போகும்.

தொகை விஷயத்திலும் இதே குழப்பம்தான். தமிழ்நாடு அரசு முதியோர் உதவித்தொகையை 2023 இல் ரூ.1,200 ஆக உயர்த்தியது. மத்தியத் திட்டத்தில் இடம்பெற்ற, 60 முதல் 79 வயதுக்கு உட்பட்ட ஒருவருக்கு அதில் மத்திய அரசின் பங்கு ரூ.200. மீதியைப் பற்றி மக்களவையில் கேட்டால் வரக்கூடிய பதிலை எழுதும்போதே ஊகித்துவிடலாம். அதைச் சட்டமன்றத்தில்தான் கேட்க வேண்டும்.

‘ஆம் எனில்’

இந்தத் தவறை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஒரு நாள் காலை வயதான அம்மா ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் ரேஷன் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் ஒன்றாக மடித்து வைத்திருந்தார். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை விரித்துக் காட்டினார். மாதாமாதம் ஒரே தொகை வரவாகியிருந்தது. பிறகு வரவே இல்லை. அதற்குக் கீழே வங்கி பிடித்துக்கொண்ட கட்டணம் மட்டும் மங்கிய மையில் இரண்டு வரியாக விழுந்திருந்தது. “எதனால நின்னுதுன்னு யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க சார்” என்றார். அந்த வாரம் மட்டும் அதே குறையோடு வந்தவர்களில் அவர் நான்காவது ஆள்.

அன்று இரவே கேள்வி எழுதினேன். (அ) முதியோர் ஓய்வூதியம் பலருக்கு முன்னறிவிப்பின்றி நிறுத்தப்பட்டிருப்பதை அரசு அறியுமா. (ஆ) ஆம் எனில், அதன் விவரங்கள் யாவை. (இ) ஆம் எனில், நிறுத்தப்பட்டதற்கான காரணங்கள் யாவை. (ஈ) இது குறித்து அரசு எடுத்த நடவடிக்கை என்ன? எழுதி முடித்தபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது. அச்சில் பார்த்துப் பழகிய கேள்விகளெல்லாம் அந்த வடிவத்தில்தான் இருந்தன.

எந்தக் கேள்விகள் பட்டியலில் இடம்பெறும் என்பதை முடிவுசெய்யும் குலுக்கலில் கேள்வி தேறியது. எழுத்துபூர்வ பதில் மூன்று வரியில் வந்தது. பயனாளிகளைக் கண்டறிவதும் சரிபார்ப்பதும் பணம் வழங்குவதும் மாநில அரசுகளின் பொறுப்பு. (அ): அத்தகைய தகவல் எதுவும் இல்லை. (ஆ) முதல் (ஈ) வரை: கேள்வி எழவில்லை.

‘கேள்வி எழவில்லை.’ அதற்கு வழி செய்து கொடுத்தவன் நான்தான். மூன்று பகுதிகளையும் ‘ஆம்’ என்ற ஒரே ஆணியில் மாட்டினேன். அமைச்சகம் அந்த ஆணியைப் பிடுங்கியதும் எல்லாம் ஒன்றாகச் சரிந்தன. அரசு எதையும் மறைத்துவிட்டதாகக்கூடச் சொல்ல முடியாது. கேட்டதற்கு விதிப்படி பதில் சொல்லியிருந்தார்கள். அதைவிடப் பெரிய இழப்பு இன்னொன்று. ஏற்கெனவே பதில் சொல்லப்பட்ட கேள்வியை அதன் சாரம் மாறாமல் மீண்டும் கேட்க மக்களவை நடைமுறை விதிகளில் விதி 41 இடம் தராது. அந்தக் கூட்டத்தொடர் முழுக்க எங்கள் உறுப்பினரால் அந்த விஷயத்தைத் தொட முடியவில்லை. அந்த அம்மா வாரம் ஒருமுறை வந்துபோய்க்கொண்டிருந்தார்.

கடைசியில் நானே அவரைக் கூட்டிக்கொண்டு சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த உதவியாளர் நல்ல மனிதர். கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பெயர், வயது, கணக்கு எண் எல்லாம் இருந்தன. வரிசையின் கடைசிக் கட்டத்தில் ‘முகவரியில் இல்லை’ என்று இருந்தது. சரிபார்க்க ஆள் வந்த நாளில் அவர் கண் அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் படுத்திருக்கிறார். நாற்பது ஆண்டுகளாக அதே தெருவில் குடியிருப்பவர்.

அந்தக் கட்டத்தைப் பார்த்த பிறகுதான் கேள்வி எப்படி எழுத வேண்டும் என்பது புரிந்தது. நீக்கத்துக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் காரணம் பதிவாகிறது, பதிவானதைக் கூட்டி எண்ணிக்கை சொல்ல முடியும். அப்படியிருக்க, ‘அரசு அறியுமா’ என்று ஏன் கேட்க வேண்டும்? எண்ணிக்கையையே கேட்டுவிடலாமே. அடுத்த கூட்டத்தொடருக்கு இப்படி எழுதினேன்: (அ) கடந்த மூன்று நிதியாண்டுகளில் முதியோர் ஓய்வூதியப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டோர் எண்ணிக்கை, மாநிலவாரியாக, ஆண்டுவாரியாக, (ஆ) நீக்கத்துக்கான காரணங்கள், காரணவாரியான எண்ணிக்கையுடன், (இ) நீக்கப்பட்டு மீண்டும் சேர்க்கப்பட்டோர் எண்ணிக்கை, (ஈ) நீக்குவதற்கு முன் பயனாளிக்குத் தகவல் தருவது பற்றி வழிகாட்டு நெறிமுறைகள் சொல்வது என்ன?

ஒவ்வொரு பகுதியும் தன் காலிலேயே நிற்கிறது. ஒன்றுக்கு மழுப்பினாலும் மற்ற மூன்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இந்த முறை பதிலோடு இணைப்பாக ஓர் அட்டவணை வந்தது. காரணவாரியான விவரம் முழுமையாக இல்லை. ஆனாலும் நீக்கப்பட்டோர் எண்ணிக்கை அரசின் வாயாலேயே அவைக் குறிப்பில் ஏறிவிட்டது.

நீக்கத்தைக் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2023 ஜூலையில் மக்களவையில் வந்த ஒரு பதில் நல்ல சான்று. 2022-23 ஆம் நிதியாண்டில் நூறு நாள் வேலைத் திட்டத்திலிருந்து 5 கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன என்பதும், அதற்கு முந்தைய ஆண்டு அந்த எண்ணிக்கை ஒன்றரைக் கோடிக்கும் கீழே இருந்தது என்பதும் ஊரறியத் தெரியவந்தது அந்தப் பதிலால்தான். போலி அட்டை, இரட்டை அட்டை, வேலை செய்ய விருப்பமில்லை, ஊரைவிட்டுப் போய்விட்டார், இறந்துவிட்டார் என்று காரணங்களையும் அமைச்சகம் வரிசைப்படுத்தியது. ‘தொழிலாளர்கள் பாதிக்கப்படுவதை அரசு அறியுமா’ என்று கேட்டிருந்தால் இதில் ஒன்றாவது வெளியே வந்திருக்குமா?

தம்பிகளே, ‘ஆம் எனில்’ என்று எழுதக் கை போனால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போய் அந்தப் பதிவேட்டைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். அதில் எத்தனை கட்டங்கள் இருக்கின்றனவோ, அத்தனை கேள்விகள் உங்களுக்குக் கிடைக்கும்.

சராசரி கேட்பது

வேலைவாய்ப்புக் கேள்விகளில் ‘ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக எத்தனை நாள் வேலை’ என்று கேட்கிறார்கள். எண்பது நாள் கிடைத்தவரும் எட்டு நாள் கிடைத்தவரும் சராசரிக்குள் ஒன்றாகக் கரைந்துவிடுவார்கள். சட்டம் உறுதியளித்த நாள் முழுதும் வேலை கிடைத்த குடும்பங்கள் எத்தனை என்று கேளுங்கள். வேலை கேட்டு 15 நாளுக்குள் கிடைக்காவிட்டால் வேலையின்மைப் படி தர வேண்டும் என்று நூறு நாள் வேலைத் திட்டத்துக்கான 2005 ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அந்தப் படி எத்தனை பேருக்கு, எவ்வளவு தரப்பட்டது என்று கேட்பவர்களை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். கூலி தாமதத்தைக் கேட்டால், வேலை முடிந்த நாளிலிருந்து பணம் வங்கிக் கணக்கில் விழும் நாள்வரை என்று இரு முனையையும் கேள்வியிலேயே குறித்துவிடுங்கள்.

‘உயர்த்துமா?’

‘தற்போது அத்தகைய முன்மொழிவு எதுவும் இல்லை.’ முதியோர் ஓய்வூதியத்தை அரசு உயர்த்துமா என்று கேட்டால் இதுதான் பதில். அந்த ரூ.200 கடைசியாக எந்த ஆண்டு நிர்ணயிக்கப்பட்டது, அதன்பின் எத்தனை முறை மறுபரிசீலனை செய்யப்பட்டது என்று கேளுங்கள்.

துணைக் கேள்வியில் சொற்பொழிவு

அமைச்சரின் பதிலை ஒட்டி அவையில் எழுந்து கேட்கும் கேள்வி அது. சொற்பொழிவு வேண்டாம்.

பதில் வந்ததும் கோப்பில் கட்டிவைப்பது

‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்’ என்று பதில் வந்தால் சலித்துப்போய் மூடிவைத்துவிடாதீர்கள். அது அவைக்குத் தரப்பட்ட உறுதிமொழி. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றப்பட வேண்டும், அதைக் கண்காணிக்க அரசின் உறுதிமொழிகள் குழு என்று தனிக் குழுவே இருக்கிறது. நாட்காட்டியில் தேதியைக் குறித்துவைத்து, கடந்துவிட்டால் குழுவுக்கு எழுதுங்கள். பதில் வந்தும் தெளிவு இல்லையென்றால் விதி 55 இன்படி அரைமணி நேர விவாதம் கேட்கலாம்.

அந்த அம்மாவுக்கு மனுப் போட்டுப் பணம் மீண்டும் வரத் தொடங்கியது. நின்றுபோன ஏழு மாதத் தொகை வரவில்லை. தவறாக நீக்கப்பட்டு மீண்டும் சேர்க்கப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு நிலுவைத் தொகை வழங்கப்பட்டது என்ற கேள்வியை இந்தக் கூட்டத்தொடருக்கு எழுதியிருக்கிறேன். நான்கு பகுதிகள், ஒன்றில்கூட ‘ஆம் எனில்’ இல்லை.