தடைக்காலமும் ரிலீஸும் ஒரே மாதத்தில் வந்தால்

ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் இருந்துகொண்டு உபுண்டு என்கிற லினக்ஸ் இயங்குதளத்துக்குத் தமிழாக்கம் செய்கிற எனக்கு ஏப்ரல் பிறந்தாலே வயிற்றைக் கலக்கும். அதன் புதுப் பதிப்பு ஏப்ரலிலும் அக்டோபரிலும் வெளிவரும். பதிப்பு எண்ணே அதைச் சொல்லிவிடும், 24.04 என்றால் 2024 ஏப்ரல். இங்கே ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது, ஜூன் 14 வரை 61 நாள், படகைக் கரையேற்றிப் பெயிண்ட் அடிக்கும்போது வீட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பவனை யார் சும்மா விடுவார்கள்? அக்டோபரை விடுங்கள், அப்போது மழையும் கரண்ட் கட்டும்.

ஒரு வருடம் ரிலீஸ் தேதியை மட்டும் மனதில் வைத்திருந்து, கையெல்லாம் பெயிண்டோடு ராத்திரி இரண்டு மணிக்கு வரி வரியாகத் தட்டிக்கொண்டிருந்தேன். பாதி வேலை அந்தப் பதிப்பில் சேரவே இல்லை.

அதனால் காலண்டரில் வட்டமிட வேண்டியது ரிலீஸ் நாளை அல்ல, உங்கள் வேலைக்குரிய கெடுவை. 24.04 வந்தது ஏப்ரல் 25-இல். புது வசதி சேர்ப்பதை நிறுத்தும் ஃபீச்சர் ஃப்ரீஸ் பிப்ரவரி 29-லேயே வந்துவிட்டது. (ஃப்ரீஸ் என்றதும் அப்பா, "எத்தனை பார் ஐஸ்?" என்றார்.) நிரல் எழுதுகிறவருக்கு அதன்பிறகு பெரும்பாலும் பிழை திருத்தம்தான். மொழிபெயர்ப்பவருக்கு நேர்மாறு, திரையில் வரும் சொற்கள் இனி மாறாது என்று ஆன பிறகுதான் வேகம் பிடிக்க வேண்டும். முந்திக்கொண்டு செய்தால் ஆங்கில வரியை அவர்கள் லேசாக மாற்றினாலும் நம் வரி 'ஃபஸ்ஸி' (மறுபடி சரிபார்க்க வேண்டியது) என்று குறி வாங்கிக்கொண்டு மறுபடி நம்மிடமே வந்து நிற்கும். மொழிபெயர்ப்புக்கென்று தனிக் கெடுவும் உண்டு, அதுவும் ரிலீஸுக்கு முன்பே. அதிலிருந்து பத்து நாளைக் கழியுங்கள். அதுதான் உங்கள் நாள்.

தேதி தள்ளிப்போகும் என்று மட்டும் நம்பாதீர்கள். 2006 ஏப்ரலில் வரவேண்டியது ஜூன் 1-இல் 6.06 ஆக வந்தது, அது அபூர்வம்.

இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கெர்னல் பக்கம் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. ஒரு பதிப்பு வந்ததும் இரண்டு வாரம் மெர்ஜ் விண்டோ (புது மாற்றங்களைச் சேர்க்கும் காலம்), அப்புறம் வாரம் ஒரு ஆர்சி (சோதனைப் பதிப்பு), ஏழோ எட்டோ. விண்டோ திறப்பதற்கு முன்பே உங்கள் பேட்ச் (நிரல் மாற்றம்), அந்தப் பகுதியின் பராமரிப்பாளர் கையில் இருக்க வேண்டும். ஆகவே காதுகுத்து, பல் டாக்டர், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் அந்த இரண்டு வாரத்தில் தள்ளுங்கள்.

மற்ற மாதங்களில் தினசரி வேலையை வீட்டின் போக்கோடு ஓட்டிக்கொள்ளலாம். படகு கடலில் இருக்கும் ராத்திரி வீடு அமைதி, எனக்கு நாற்பது வரி ஓடும். மறுநாள் காலை இறாலும் நண்டும் தரம் பிரிக்கிற நேரத்தில் எதையும் திட்டமிடவே மாட்டேன். கோப்பை முன்பே இறக்கி போஎடிட் என்ற மொழிபெயர்ப்புச் செயலியில் திறந்துவைத்திருப்பேன், ஏனென்றால் கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் படுத்துவிடும்.

கிடைக்கமாட்டேன் என்பதைக் குழுவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், காரணம் தேவையில்லை, கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் தேவை. மார்ச் கடைசியில் நான் அனுப்புவது இவ்வளவுதான்: "ஏப்ரல் 12-இலிருந்து ஆள் கிடைக்கமாட்டேன். அமைப்புகள் கோப்பில் 60 வரி பாக்கி, யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்."