கழுத்தும் தோளும் கல்லாகிப் போனால்: குளிர் ஊரில் உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களுக்கு

போன நவம்பரில் ஒரு நாள் காலை, பஸ் வருகிறதா என்று திரும்பிப் பார்க்க முடியவில்லை. கழுத்தைத் திருப்பினால் வலது பிடரியிலிருந்து தோள் வரை கம்பியை முறுக்கிய மாதிரி ஒரு வலி. உடம்பை மொத்தமாகத் திருப்பித்தான் பஸ்ஸைப் பார்த்தேன்.

நான் கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை பாக்டரியில் கணக்குப் பார்க்கிறேன். மாதாமாதம் தேயிலை வாரியம் பச்சைத் தேயிலைக்குச் சராசரி விலையை அறிவித்ததும், இலை கொடுத்த ஒவ்வொரு சிறு விவசாயிக்கும் எத்தனை கிலோ, முன்பணம் எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று போட்டு முடிக்க வேண்டும். விலை குறைந்த மாதங்களில் ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்களின் முகத்தைப் பார்க்கவே மனம் கனக்கும். வெளியே மிஸ்ட், உள்ளே ஸ்வெட்டருக்கு மேல் சால்வை, மூன்று மணி நேரம் நாற்காலியை விட்டு எழாமல் வேலை. கழுத்து பிடித்துக்கொள்ள இதைவிட வேறென்ன வேண்டும்?

டாக்டரிடம் போனேன். நரம்பில் கோளாறு இல்லை, தசைப்பிடிப்புதான் என்றார். பிசியோதெரபிஸ்ட் சில பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தார். அவற்றில் எனக்குப் பலன் கொடுத்தவற்றை, நான் செய்கிற வரிசையிலேயே எழுதுகிறேன்.

தொடங்கும் முன்

கை அல்லது காலில் மரத்துப்போதல், பலம் குறைதல், விழுந்து அடிபட்ட பிறகு வந்த வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, சிறுநீர் அடக்க முடியாமை, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தல் – இவற்றில் எது இருந்தாலும் இந்தப் பதிவை மூடிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். நெஞ்சில் பாரத்தோடு தோளுக்கோ தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலியைப் 'பிடிப்பு' என்று தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்கவே கூடாது.

1. முதலில் சூடு

குளிர்ந்த தசையை இழுக்காதீர்கள். நம் ஊரில் இதுதான் முதல் விதி. குளிரில் உடம்பு தன் சூட்டைக் காப்பாற்றத் தோளைத் தூக்கி, கையை ஒடுக்கி, கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. மனதில் பதற்றம் இருந்தாலும் இதே நிலைதான். இரண்டும் சேர்ந்தால் பிடரியிலிருந்து தோள்முனை வரை விரிந்திருக்கும் ட்ரப்பீசியஸ் தசை நாள் முழுக்க அரைகுறையாக இறுகியே கிடக்கும். பாரம் தூக்காமலேயே அது வேலை செய்துகொண்டிருக்கிறது. சாயங்காலம் வலிக்காமல் என்ன செய்யும்?

ரப்பர் வெந்நீர்ப் பையில் மூன்றில் இரண்டு பங்கு நீர் ஊற்றி, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். ஒரு துண்டில் சுற்றிப் பிடரியில் 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். கொதிக்கும் நீரை ஊற்றாதீர்கள். நம் மலை உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதுவும் தோலைச் சுட்டுவிடும் சூடுதான். அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் ஆறவிட்ட பிறகு ஊற்றலாம். பையை வைத்தபடியே தூங்கிவிடாதீர்கள்.

கரண்டில் சூடாகும் பைகளைக் கடையில் காட்டுவார்கள். நான் ரப்பர் பைதான் சொல்வேன். மழைக்காலத்தில் மரம் விழுந்து மணிக்கணக்கில் கரண்ட் போகும் ஊர் இது. பை இல்லையா, கல் உப்பை வாணலியில் வறுத்துத் துணியில் முடிந்து, புறங்கையில் தொட்டுப் பார்த்து ஒத்தடம் கொடுங்கள். வீட்டில் சர்க்கரை நோயால் தோலில் உணர்ச்சி குறைந்தவர்கள் இருந்தால், சூட்டை நீங்கள் பார்த்துக் கொடுங்கள்.

இதோடு தொடர்புள்ள இன்னொன்று, கட்டாயம் சொல்ல வேண்டும். உடம்பு சூடாகட்டும் என்று கரி அடுப்பைப் படுக்கையறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

2. தோளை விடுவது

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

'தோளைத் தளர்த்துங்கள்' என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் தளர்த்துவதாக நினைத்து, தோளைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாரம் செய்தும் வலி குறையவில்லை. ஒரு நாள் இடது கையை வலது தோள் மேல் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தோள் என்னவோ கீழேதான் இருந்தது. ஆனால் விரலுக்கடியில் தசை கொய்யாக்காய் மாதிரி கெட்டியாக இருந்தது. மேலே தூக்கிப் பிடிப்பதை நிறுத்திவிட்டுக் கீழே இழுத்துப் பிடித்திருக்கிறேன், அவ்வளவுதான். தசைக்கு ஓய்வே இல்லை.

அன்று மத்தியானம் இலை லாரி வந்தது. மூட்டை இறக்கும் அண்ணன் ஒருவர் ஒவ்வொரு மூட்டையையும் தராசில் போட்டதும், அடுத்ததற்கு ஓடாமல் ஒரு கணம் நிற்கிறார். இரண்டு கையும் துணி தொங்குவது போலத் தொங்குகிறது. 'ஹூ' என்று மூச்சு போகிறது. அதற்கப்புறம்தான் அடுத்த மூட்டை. கேட்டேன். "மூட்டைய இறக்குனா மட்டும் போதாதுங்க, கையையும் விடணும்" என்றார். எனக்கு விளங்கிவிட்டது.

செய்முறை இது:

நாற்காலியில் முதுகு சாய்ந்து உட்காருங்கள். இரண்டு முழங்கையும் தலையணை மேல் இருக்கட்டும். இதை விட்டுவிடாதீர்கள். கையின் எடையைத் தலையணை தாங்கினால்தான் தோள் தசைக்குப் பிடித்துக்கொள்ள வேலை இல்லாமல் போகும். மூச்சை இழுத்தபடி இரண்டு தோளையும் காதுப் பக்கம் தூக்குங்கள். முழு பலத்தோடு வேண்டாம், பாதி பலம் போதும். 5 விநாடி பிடியுங்கள். அப்புறம் வாயால் மூச்சை விட்டபடி, கயிறு அறுந்தது போலத் தோளை விழவிடுங்கள். இறக்காதீர்கள், விழவிடுங்கள்.

விழுந்த பிறகு 15 விநாடி சும்மா இருங்கள். நான் அவசரப்பட்டு விட்டுவிட்ட பாகம் இது. இறுக்கம் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று மனம் அந்த 15 விநாடியில்தான் கற்றுக்கொள்கிறது. ஒரு கையால் தோளைத் தொட்டுப் பாருங்கள். விரல் மெத்தென்று அமுங்கினால் சரி. கெட்டியாக இருந்தால் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். 5 முறை செய்யுங்கள்.

இறுக்கி விடும் இந்த முறையை ஒழுங்காக வகுத்துக் கொடுத்தவர் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர். 1920களிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பாதத்திலிருந்து நெற்றி வரை ஒவ்வொரு தசைக் கூட்டத்தையும் இப்படி இறுக்கி விடலாம். இரவில் தூக்கம் வராதபோது நான் அப்படித்தான் செய்கிறேன்.

3. கழுத்து

உட்காரும் இடத்தின் விளிம்பை வலது கையால் பிடித்துக்கொண்டு, இடது காதை இடது தோளை நோக்கிச் சாயுங்கள். தோளைக் காதுக்குக் கொண்டு போகக் கூடாது. இழுப்பு தெரியும் இடத்தில் 20 முதல் 30 விநாடி நில்லுங்கள். அடுத்து, முகத்தை இடது அக்குளைப் பார்ப்பது போலத் திருப்பிக் குனியுங்கள். பிடரியின் பின்பக்கம், தோள்பட்டை எலும்பின் மேல் மூலையில் இழுக்கும். கழுத்தைத் திருப்ப முடியாமல் செய்வது பெரும்பாலும் அந்தத் தசைதான். பக்கத்துக்கு இரண்டு மூன்று முறை போதும். கையால் தலையைப் பிடித்து இழுக்க வேண்டாம்.

வலி வரும் வரை இழுத்தால்தான் பலன் என்று நினைக்காதீர்கள். வலித்தால் தசை தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் இறுகும்.

*பின்சேர்க்கை:* கழுத்தை முழு வட்டமாகச் சுற்றியதில் தலை கிறுகிறுத்தது என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். வட்டமாகச் சுற்றச் சொல்லவில்லையம்மா. பக்கவாட்டில் சாய்ப்பது, திருப்புவது, குனிவது, இவை மட்டும். தனித்தனியாக, மெதுவாக. கிறுகிறுப்பு திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

4. சுவரும் பந்தும்

இதற்கு விலை கூடிய உருளையோ மசாஜ் மெஷினோ தேவையில்லை. ஒரு பழைய டென்னிஸ் பந்து, ஒரு நீளமான சாக்ஸ். பந்தை சாக்ஸுக்குள் போட்டு, சாக்ஸின் வாயைத் தோள் மேல் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் பந்து நழுவிக் கட்டிலுக்கடியில் ஓடாது. சுவரில் சாய்ந்து, முதுகெலும்புக்கும் தோள்பட்டை எலும்புக்கும் நடுவில் பந்தை வையுங்கள். எலும்பின் மேல் வேண்டாம். முழங்காலை லேசாக மடக்கி நீட்டினால் பந்து மேலும் கீழும் உருளும். 'ஆ, இதுதான்' என்று ஒரு இடம் வரும். அங்கே நிறுத்தி ஐந்து மூச்சு விடுங்கள். ஓர் இடத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கிரிக்கெட் பந்து எடுக்காதீர்கள். கன்றிப்போய்விடும்.

5. இடுப்பு

நெடுநேரம் உட்கார்ந்தால் தொடையின் முன்பக்கத் தசைகள் சுருங்கிய நிலையிலேயே இருந்து பழகிவிடும். எழுந்ததும் கீழ்முதுகை முன்னே இழுக்கும். ஒரு முழங்காலைத் தலையணை மேல் ஊன்றி, மற்ற காலை முன்னே வைத்து, இடுப்பை மெல்ல முன்னுக்குத் தள்ளுங்கள். முதுகை வளைக்காமல், ஊன்றிய பக்கத்துப் பிட்டத்தை இறுக்கினால் சரியான இடத்தில் இழுக்கும். 30 விநாடி. மாற்றிச் செய்யுங்கள்.

தரையில் மண்டியிட முடியாத பெரியவர்களுக்கு: கட்டிலின் ஓரத்தில் மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, மற்ற காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடலாம். என் அம்மா இப்படித்தான் செய்கிறார். இடுப்பு அறுவை சிகிச்சை செய்தவர்கள் கேட்டுவிட்டுச் செய்யவும்.

தைலம் பற்றி

நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். நீலகிரித் தைலம் எனக்குப் பிடிக்கும். மணமே பாதி ஆறுதல். ஆனால் தைலம் தோலில் ஒரு குளிர்ச்சியும் எரிச்சலும் உண்டாக்கி வலியை மறக்கடிக்கிறது. கெட்டிப்பட்ட தசையை அது அவிழ்க்காது. தேங்காய் எண்ணெயில் சில சொட்டு கலந்து தேயுங்கள்.

ஊட்டி, குன்னூர் கடைகளில் விண்டர்கிரீன் எண்ணெயும் விற்கும். அதில் பெரும்பகுதி மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினின் உறவுக்காரப் பொருள். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் அதைத் தொட வேண்டாம். இரண்டு புட்டியையும் குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கொஞ்சம் விழுங்கினாலும் ஆபத்து. குழந்தையின் மூக்கருகிலும் தடவாதீர்கள்.

*பின்சேர்க்கை:* தைலம் தேய்த்து, அதன் மேலேயே வெந்நீர்ப் பை வைத்துத் தோல் சிவந்து எரிந்துவிட்டதாக ஒரு அண்ணன் எழுதினார். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், மன்னியுங்கள். சூட்டில் தைலம் தோலுக்குள் வேகமாக இறங்கும். ஒத்தடம் என்றால் ஒத்தடம் மட்டும், தைலம் என்றால் தைலம் மட்டும்.

வேலை நேரத்தில்

மேலே சொன்னதெல்லாம் காலையிலும் இரவிலும் ஆகட்டும். நடுவில் எட்டு மணி நேரம் அசையாமல் இருந்தால் சாயங்காலம் பழைய இடத்துக்கே வந்துவிடுவீர்கள். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து ஒரு நிமிடம் நில்லுங்கள். நான் போனில் அலாரம் வைத்துப் பார்த்தேன், இரண்டு நாளில் அணைத்துவிட்டேன். இப்போது சின்ன டம்ளரில் வெந்நீர் வைத்துக்கொள்கிறேன். தீர்ந்தால் எழுந்துதான் ஆக வேண்டும். குளிருக்கும் நல்லது. கம்ப்யூட்டர் திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி அடியில் இரண்டு பழைய லெட்ஜர் வைத்திருக்கிறேன். நம் தலை சுமார் ஐந்து கிலோ. அது முன்னே குனியக் குனியப் பிடரிக்குச் சுமை ஏறும்.

பற்களையும் கவனியுங்கள். கணக்கு இடிக்கும்போது நான் பல்லைக் கடித்துக்கொள்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. உதடு மூடியிருக்கட்டும், பல் தொடாமல் இருக்கட்டும், நாக்கு மேலண்ணத்தில் ஓய்வாக இருக்கட்டும்.

வாரத்துக்கு 150 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு நடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் மேட்டுக்கு அது கஷ்டமில்லை. ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி ஏறி வாருங்கள். ஆனால் பழக்கமில்லாமல் ஒரே நாளில் நெடுந்தூரம் சரிவில் இறங்கினால் மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தொடை கடுக்கும். அது புதிய வேலைக்குத் தசை காட்டும் வலி. தானாக அடங்கும். மெல்ல நடந்துகொண்டிருங்கள்.

எனக்குக் கழுத்து முழுதாகத் திரும்ப மூன்று வாரம் ஆனது. தோள் தானாக இறங்கி இருப்பதற்கு மூன்று மாதம்.

*பின்சேர்க்கை, ஜனவரி:* கூடலூரிலிருந்து தையல் வேலை செய்யும் அக்கா ஒருவர் கேட்டிருந்தார்: "டம்ளர் எல்லாம் மிஷின் பக்கத்துல வைக்க முடியாது, துணியில கொட்டிடும். நான் என்ன பண்றது?" பாபின் நூல் தீரும்போதெல்லாம் எழுந்துவிடுங்கள் அக்கா. புது பாபின் போடும் முன், கையைத் தொங்கவிட்டு ஒரு மூச்சை முழுதாக வெளியே விடுங்கள். அப்புறம் ஊசியில் நூல் கோர்க்கலாம்.