உப்புத்தண்ணி ஊர்ல வீட்லயே கார் கழுவி வாக்ஸ் போடுறது எப்படி

போன வருஷம் ஒரு நாள் ராத்திரி பெட்ரோல் பங்க்ல நிக்கும்போதுதான் கவனிச்சேன். மேல இருந்து வெள்ளை லைட் நேரா பானெட் மேல அடிக்குது, அந்த வெளிச்சத்த சுத்தி சிலந்தி வலை பின்னின மாதிரி வட்ட வட்டமா கீறல். வண்டி வாங்கி ரெண்டு வருஷம் கூட முடியல, கருநீல கலர், எங்கயும் இடிச்சதில்ல, உரசினதும் இல்ல. வீட்டுக்கு வந்து உக்காந்து யோசிச்சப்பதான் புரிஞ்சுது, அது பூரா தினமும் துடைச்சு துடைச்சு வந்த கீறல்.

எங்க அப்பார்ட்மெண்ட்ல காலைல ஒரு அண்ணன் வந்து கார் துடைப்பார். ஒரு பக்கெட் தண்ணி, ஒரு துணி, பதினாலு வண்டி. முதல் வண்டில எடுத்த மண்ணு அந்தத் துணியிலயே இருக்கும், அதே துணி ரெண்டாவது வண்டிக்குப் போகும், எட்டாவது வண்டிக்கு வரும்போது அது துணியே இல்ல, உப்புத்தாள். அவர் மேல ஒரு தப்பும் இல்ல, அவருக்கு கொடுத்த நேரமும் தண்ணியும் அவ்ளோதான். "அண்ணே, நாளைல இருந்து மேல துடைக்க வேணாம்ணே, உள்ள மேட்ட மட்டும் தட்டிப் போட்டுருங்க, காசு அதே காசுதான்"னு சொன்னேன். "ஏன் தம்பி, எங்கயாச்சும் கறை விட்டுட்டேனா?"ன்னு கேட்டார். போன் டார்ச்ச பானெட் மேல அடிச்சு காமிச்சேன். ரொம்ப நேரம் குனிஞ்சு பாத்துட்டு, "இத்தன நாளா இது கண்ணுலயே படலயே தம்பி"ன்னார்.

அதனால முதல்ல இத மனசுல வச்சுக்கோங்க. தூசி சும்மா உக்காந்திருந்தா பெயிண்ட்டுக்கு பெருசா ஒண்ணும் ஆகாது, அத காஞ்ச துணியால இழுக்கும்போதுதான் கீறல் விழுது. காரோட கலருக்கு மேல க்ளியர் கோட்னு கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கும், அதோட கனம் பொதுவா 40, 50 மைக்ரான்தான், நம்ம தலைமுடியே ஏறக்குறைய 70 மைக்ரான் வரும். முடிய விட மெல்லிசான ஒரு படலத்து மேலதான் நாம தினமும் மண்ண வச்சு தேய்க்கிறோம். அதுவும் சென்னை ஓஎம்ஆர் மாதிரி மெட்ரோ வேலை நடக்கிற ரோட்டுல ஓடுற வண்டின்னா வெறும் தூசி இல்ல, சிமெண்ட்டும் எம்-சாண்டும் (கல்ல உடைச்சு செய்யற மணல்) கலந்து இருக்கும். அந்த நீள முடி வச்ச டஸ்டர் கூட எனக்கு பிடிக்காது, இப்ப வண்டில இருந்து எடுத்தே போட்டுட்டேன்.

என்னென்ன வேணும்னா, ரெண்டு பக்கெட், கார் ஷாம்பூ, கைல மாட்டிக்கிற மைக்ரோஃபைபர் கிளவுஸ் ஒண்ணு, தண்ணி ஒத்தி எடுக்க பெரிய கனமான மைக்ரோஃபைபர் டவல் ஒண்ணு, வாக்ஸ் துடைக்க சின்ன துணி மூணு நாலு, டயருக்கும் ரிம்முக்கும் தனியா ஒரு பழைய துணி, ஒரு பிரஷ். பழைய பனியன், கிழிஞ்ச சேலைத் துணியெல்லாம் டயரோட நிறுத்திக்கோங்க, தையல் ஓரம் பெயிண்ட்ல கீறும். பாத்திரம் கழுவுற லிக்விட், துணி சோப்பு, தலைக்குப் போடுற ஷாம்பூ எதுவும் வேணாம். பாத்திர லிக்விட் எண்ணெய் பிசுக்க எடுக்கறதுக்குன்னே செஞ்சது, போட்ட வாக்ஸையும் சேத்து கழுவிட்டு போயிடும். கார் ஷாம்பூ ஒரு பாட்டில் வாங்கினா மாசக்கணக்கா வரும், ஒரு பக்கெட்டுக்கு ரெண்டு மூணு மூடிதான் ஆகும், எவ்ளோன்னு பாட்டில்லயே போட்டிருக்கும்.

தண்ணி விஷயம்தான் நம்ம பக்கம் பெரிய தலைவலி. எங்க போர் தண்ணிய டிடிஎஸ் மீட்டர் (தண்ணில கரைஞ்சிருக்கிற உப்ப அளக்கறது) வச்சு பாத்தா 1500க்கு மேல காட்டுது, குடிக்கிற தண்ணிக்கு 500க்குள்ள இருந்தா நல்லதுன்னு இந்திய தரக்கட்டுப்பாட்டுல சொல்றாங்க. இந்தத் தண்ணிய வண்டி மேல ஊத்தி அப்படியே காய விட்டா, தண்ணி ஆவியாயிடும், சுண்ணாம்பும் உப்பும் மட்டும் புள்ளி புள்ளியா வெள்ளையா நின்னுடும், அது மேல நாலு வெயில் பட்டா பெயிண்ட்டையே அரிச்சு பள்ளமாக்கிடும். இதுக்கு நான் கண்டுபிடிச்ச வழி ஏசி தண்ணி. ராத்திரி பூரா ஏசி ஓடுறப்ப வெளிய சொட்டுற தண்ணி காத்துல இருக்கிற ஈரம் குளிர்ந்து வர்றது, அதுல உப்பு ரொம்ப கம்மி, எங்க வீட்ல மீட்டர்ல 30 கூட வரல. பைப்ப ஒரு பக்கெட்ல விட்டு வச்சா காலைல பாதிக்கு மேல நிக்கும், ஒரு வெள்ளைத் துணில வடிகட்டி கேன்ல சேத்து வச்சுக்கோங்க. கழுவுறதெல்லாம் போர் தண்ணிலயே கழுவலாம், கடைசி அலசல் மட்டும் இந்தத் தண்ணில. மழைத் தண்ணி பிடிச்சு வச்சிருந்தா அதுவும் நல்லா இருக்கும். ஆனா ஆர்ஓ மெஷின்ல இருந்து வெளிய போற வேஸ்ட் தண்ணிய மட்டும் இதுக்கு எடுக்காதீங்க, வடிகட்டின உப்பு பூரா அதுலதான் வருது.

நேரம் காலைல ஆறு மணில இருந்து எட்டுக்குள்ள, இல்லன்னா வெயில் சாஞ்சு பானெட் கை வச்சா சூடு இல்லாம இருக்கும்போது. வெளிய ஓட்டிட்டு வந்த உடனே கழுவாதீங்க, பிரேக் டிஸ்க் கொதிச்சிட்டு இருக்கும், அது மேல திடீர்னு தண்ணி ஊத்தறது நல்லதில்ல.

முதல்ல நாலு சக்கரம். ரிம்ல இருக்கிற கருப்பு தூள் பிரேக் பேட்ல இருந்து வர்றது, அதுல இரும்புத் துகள் இருக்கும், கடைசில கழுவினீங்கன்னா அது தெறிச்சு சுத்தமான கதவு மேல உக்காரும். அதனால சக்கரத்த தனித் துணி தனித் தண்ணில முடிச்சுட்டு அந்தத் துணிய தூரமா வச்சிருங்க. மட்கார்டு உள்பக்கமும் கைய விட்டு தண்ணி அடிங்க, அங்க அப்பி இருக்கிற சேறு ஈரத்த பிடிச்சு வச்சு துரு பிடிக்க வைக்கும், கடல் பக்கம் குடியிருக்கிறவங்க இத விடவே கூடாது.

அடுத்து வண்டி முழுக்க வெறும் தண்ணி, மேல இருந்து கீழ. துணி தொடவே வேணாம், ஹோஸ் இருந்தா ஹோஸ், இல்லாட்டி மக்ல மெதுவா ஊத்துங்க, பாதி மண்ணு இதுலயே இறங்கிடும், இந்த இடத்துல அவசரப்படாதீங்க. பிரஷர் வாஷர் வச்சிருக்கிறவங்க ஒரு அடிக்கு மேல தள்ளியே பிடிங்க, பெயிண்ட் பெயர்ந்த இடம் இருந்தா அது மேல நேரா அடிக்காதீங்க, உரிஞ்சு வந்துடும்.

இப்ப ரெண்டு பக்கெட். ஒண்ணுல ஷாம்பூ தண்ணி, இன்னொண்ணுல வெறும் தண்ணி. கிளவுஸ ஷாம்பூல முக்கி ஒரு பாகம் தேய்ங்க, உடனே வெறும் தண்ணி பக்கெட்ல விட்டு நல்லா அலசி பிழிஞ்சிட்டு திரும்ப ஷாம்பூக்கு போங்க. அந்த ரெண்டாவது பக்கெட் அடில பத்து நிமிஷத்துல எவ்ளோ மண்ணு தங்குதுன்னு பாத்தீங்கன்னா அப்புறம் ஒரே பக்கெட்ல கழுவ மனசே வராது. அந்த மண்ணு மறுபடி கலங்கி மேல வராம இருக்க ஒரு பிளாஸ்டிக் சல்லடைய கவுத்து அடில போட்டு வைங்க. கூரை, கண்ணாடி, பானெட், டிக்கி, கதவோட மேல் பாதி, அப்புறம் கதவோட கீழ் பாதியும் பம்பரும் கடைசி, ஏன்னா ரோட்டு மண்ணு பூரா கீழதான். வட்டமா தேய்க்காம நேர்கோட்டுல, அழுத்தம் கொடுக்காம, கிளவுஸோட எடை மட்டும் பட்டா போதும். ஒரு பக்கம் முடிஞ்சதும் நுரை காயறதுக்குள்ள தண்ணி ஊத்திருங்க.

கடைசி அலசலுக்கு ஏசி தண்ணிய கூரைல இருந்து மெதுவா வழிய விடுங்க. அப்புறம் பெரிய டவல விரிச்சு பானெட் மேல போட்டு அப்படியே ஒத்தி எடுங்க, தேய்க்க வேணாம். துணி தரைல விழுந்துதுன்னா, எவ்ளோ விலை கொடுத்து வாங்கினதா இருந்தாலும் அன்னைக்கு அது பெயிண்ட் பக்கம் போகக்கூடாது. கதவத் திறந்து ஓரம், டிக்கி ஓரம், பெட்ரோல் மூடி உள்ள துடைங்க. கதவோட அடி விளிம்புல தண்ணி வடிய சின்ன ஓட்டை இருக்கும், அது மண்ணு அடைச்சிருந்தா குச்சியால எடுத்து விடுங்க, அடைச்சுதுன்னா கதவுக்குள்ளயே தண்ணி நின்னு உள்ள இருந்து துரு பிடிக்கும். வைப்பருக்கு கீழ இருக்கிற பள்ளத்துல வேப்பிலை, புங்க இலை சேந்து கிடக்கும், மழைக்காலத்துக்கு முன்னாடி அத கைவிட்டு அள்ளுங்க, இல்லாட்டி தண்ணி போக வழியில்லாம வண்டிக்குள்ள இறங்கிடும்.

வாக்ஸ் போடறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. கைல மெல்லிசான பிளாஸ்டிக் கவர மாட்டிட்டு கழுவின பானெட் மேல விரல லேசா ஓட்டுங்க. வழவழன்னு போனா நேரா வாக்ஸுக்கு போகலாம், ரவை தூவின மாதிரி நெருடுச்சுன்னா தண்ணில போகாத தூள் ஒட்டிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். அதுக்கு க்ளே பார்னு களிமண் மாதிரி ஒண்ணு விக்குது, ஷாம்பூ தண்ணி தாராளமா தெளிச்சுட்டு அத சின்ன வில்லையா தட்டி லேசா வழுக்கி விட்டா அந்த தூள பிடுங்கிட்டு வந்துடும். வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை போதும். கீழ விழுந்த க்ளேய தயவுசெஞ்சு தூக்கிப் போட்டுருங்க, மண்ணு உள்ள புதைஞ்சுடும், அத மறுபடி எடுத்து தேய்ச்சா பெயிண்ட் காலி.

பாலிஷும் வாக்ஸும் ஒண்ணுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. பாலிஷ்ல அரம் மாதிரி தேய்க்கிற நுண்ணிய துகள் இருக்கு, அது க்ளியர் கோட்ட கொஞ்சம் கொஞ்சமா சீவி கீறல மறைக்குது, போனது திரும்ப வராது. வாக்ஸ் மேல போர்த்துற போர்வை, எதையும் சீவாது. அதனால வாட்டர் வாஷ் கடைல "சும்மா ஒரு பாலிஷ் போட்டுரலாமா சார்"னு கேட்டா ஒவ்வொரு தடவையும் தலையாட்டாதீங்க. கடைல வாங்கும்போதும் டப்பால என்ன எழுதியிருக்குன்னு படிச்சு பாருங்க, ரெண்டும் கலந்ததும் விக்குது.

வாக்ஸ்ல கார்னபான்னு பேர் போட்டிருக்கிறது பிரேசில்ல வளர்ற ஒரு வகை பனையோட இலைல இருந்து எடுக்கிற மெழுகு, அந்த மரம் வறட்சி தாங்க இலை மேல பூசிக்கிற மெழுகுதான் அது. பளபளப்பு அருமையா இருக்கும், ஆனா நம்ம வெயில்ல வெளிய நிக்கிற வண்டிக்கு ஒண்ணு ரெண்டு மாசத்துக்கு மேல எதிர்பாக்காதீங்க. சீலன்ட்னு விக்கிற செயற்கை வகை இன்னும் அதிக நாள் தாங்கும், மினுமினுப்பு ஒரு சொட்டு கம்மி. வெயில்ல நிக்கிற வண்டின்னா நான் சீலன்ட்தான் சொல்வேன்.

எது போட்டாலும் நிழல்ல, பெயிண்ட் குளிர்ச்சியா இருக்கும்போது. ஸ்பான்ஜ்ல அஞ்சு ரூபா காசு அளவு எடுத்தா அரை பானெட்டுக்கு வரும், போட்டது கண்ணுக்கு தெரிஞ்சும் தெரியாம பனி படிஞ்ச மாதிரி இருக்கணும். நிறைய அப்பினா கூடுதலா பாதுகாக்காது, துடைக்கத்தான் கை வலிக்கும். ஒரு அஞ்சு பத்து நிமிஷம் விட்டு ஒரு இடத்துல விரலால கோடு இழுத்துப் பாருங்க, ஈஷாம சுத்தமா கோடு விழுந்தா துடைக்கலாம். ஒரு துணியால எடுத்து, துணிய திருப்பி புதுப் பக்கத்தால ஒரு தடவை ஒத்தடம் மாதிரி மெதுவா. கருப்பு பிளாஸ்டிக் பாகத்துல பட்டா வெள்ளையா காஞ்சு நிக்கும், அதனால அந்த ஓரத்துல முன்கூட்டியே டேப் ஒட்டிக்கோங்க. மேட் கலர் வண்டிக்கு வாக்ஸே வேணாம், திட்டுத் திட்டா பளபளக்கும்.

டேஷ்போர்டுக்கு ஈரத்துணியே போதும், எண்ணெய் மாதிரி மினுக்குற ஸ்ப்ரே அடிச்சா வெயில்ல முன் கண்ணாடில எதிரொளிச்சு கண்ண கூசும். ஸ்டீயரிங், பெடல், டயரோட தரை படுற பாகம், பைக் சீட்டு, இந்த நாலுலயும் மினுக்கு ஸ்ப்ரே எந்தக் காலத்துலயும் வேணாம், வழுக்கினா உயிர் சம்பந்தப்பட்டது.

காக்கா எச்சம் பட்டா ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்காதீங்க. வெயில்ல அது காய காய பெயிண்ட்டுக்குள்ள இறங்கும். டிஷ்யூவ தண்ணில நல்லா நனைச்சு அது மேல அஞ்சு நிமிஷம் போட்டு வைங்க, ஊறினதும் அப்படியே கிள்ளி எடுக்கிற மாதிரி எடுத்துருங்க. பேஸ்மெண்ட்ல நிறுத்துறவங்களுக்கு வேற தொல்லை, மழைக்காலத்துல கான்கிரீட் வழியா ஊறி சுண்ணாம்புத் தண்ணி சொட்டும், பானெட்ல வெள்ளையா கல்லு மாதிரி இறுகிடும். சுரண்டாதீங்க. ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு ரெண்டு பங்கு தண்ணி கலந்து, துணில நனைச்சு ஒரு நிமிஷம் வச்சு எடுத்து நிறைய தண்ணி விட்டு கழுவுங்க, போகலன்னா இன்னொரு தடவை, அப்புறம் அந்த இடத்துக்கு மறுபடி வாக்ஸ். அதோட அந்த இடத்துல நிறுத்தறத முதல்ல மாத்துங்க.

ஆயுத பூஜைக்கு சந்தனம் குங்குமம் வைக்காம யாராலயும் இருக்க முடியாது, நானும் வைக்கிறேன். ஆனா பெயிண்ட்ல வைக்காம கண்ணாடிலயும் நம்பர் பிளேட்லயும் வைக்கிறேன். பானெட்லதான் வைக்கணும்னு அம்மா சொன்னா வச்சுக்கோங்க, மறுநாள் காலைல தண்ணி ஊத்தி ஊற வச்சு எடுத்துருங்க, காஞ்ச சந்தனத்த அப்படியே துடைச்சா அரச்ச கல்லோட துகளும் சேந்து கீறும், குங்குமத்துல மஞ்சளும் சுண்ணாம்பும் இருக்கிறதால வெள்ளை வண்டில நாள் கணக்கா விட்டா செவப்பா கறை தங்கிடும்.

எல்லாம் முடிஞ்சதும் உடனே கவர் போடாதீங்க, தெருவ ரெண்டு சுத்து சுத்தி பிரேக்க நாலஞ்சு தடவை மிதிச்சு டிஸ்க்க காய வச்சுட்டு வந்து நிறுத்துங்க. மைக்ரோஃபைபர் துணிய வீட்டுத் துணியோட சேத்து மெஷின்ல போட்டுறாதீங்க, பருத்தித் துணியோட பஞ்சு அதுல ஒட்டிக்கிட்டு போகவே போகாது, வாசனைக்கு போடுற கண்டிஷனரும் கூடாது, அந்த நுண் இழையெல்லாம் அடைச்சு தண்ணியே உறிஞ்சாது. கொஞ்சம் லிக்விட் சோப்புல தனியா அலசி நிழல்ல காய வச்சு, தூசி படாம ஒரு டப்பால மூடி வைங்க. ஒரு மாசம் கழிச்சு பானெட் மேல ஒரு மக் தண்ணி ஊத்திப் பாருங்க, தாமரை இலைல நிக்கிற மாதிரி முத்து முத்தா உருண்டா வாக்ஸ் இன்னும் இருக்கு, பாய் மாதிரி விரிஞ்சு படுத்துடுச்சுன்னா அடுத்த கோட் போடுற நேரம் வந்தாச்சு.