டாஸ் கணினியில் நெட்வொர்க்: பாக்கெட் டிரைவரா, ஓடிஐயா, என்டிஐஎஸ்ஸா?

பழைய டாஸ் இயங்குதளத்தில் நெட்வொர்க்கை இயக்க மூன்று வகை டிரைவர்கள் உண்டு: பாக்கெட் டிரைவர், ஓடிஐ, என்டிஐஎஸ். மூன்றும் செய்வது ஒரே வேலை: நெட்வொர்க் அட்டைக்கும் மென்பொருளுக்கும் நடுவே நிற்பது. ஆனால் ஓர் அட்டையை ஒரு நேரத்தில் ஒரு டிரைவர்தான் ஆள முடியும். ஆகவே எந்த மென்பொருளை ஓட்டப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

எஃப்டிபி (கோப்பு அனுப்ப, பெற), டெல்நெட் (தொலைவிலுள்ள கணினியில் நுழைய) போதுமென்றால் யோசிக்கவே வேண்டாம், பாக்கெட் டிரைவர்தான். ஒரே கட்டளை: டிரைவர் பெயர், மென்பொருள் இன்டரப்ட் (நிரல்கள் டிரைவரை அழைக்கும் எண்), ஐஆர்க்யூ (அட்டை செயலியை அழைக்கும் எண்), போர்ட் முகவரி (அட்டையோடு பேசும் முகவரி). என்இ2000 என்ற நெட்வொர்க் அட்டைக்கு உதாரணமாக 0எக்ஸ்60, 5, 0எக்ஸ்300. வரிசை மாறக்கூடாது. 0எக்ஸ் (பதினாறடிமான எண் என்பதற்கான குறி) விட்டுப்போனால் 300 தசம எண்ணாகிவிடும், அட்டை கிடைக்காது.

ஏற்றியதும் திரையில் வரும் ஈதர்நெட் முகவரியைப் பாருங்கள். முழுக்க எஃப்எஃப் என்றிருந்தால் போர்ட் தவறு. ஐஆர்க்யூ தவறினால் இப்படிக் காட்டிக்கொடுக்காது. டிரைவர் சமர்த்தாக ஏறிவிடும், ஆனால் உள்ளே எதுவும் வந்து சேராது, டிஹெச்சிபி (ஐபி முகவரி கேட்டு வாங்கும் முறை) காத்திருந்து காத்திருந்து கைவிட்டுவிடும். ஐஆர்க்யூ 3 என்றால் காம்2 போர்ட்டோடும், 5 என்றால் பெரும்பாலும் சவுண்டு கார்டோடும் மோதும். 10 நல்ல தேர்வு, ஆனால் 8 பிட் ஸ்லாட்டில் அந்த இணைப்பே கிடையாது. எம்டிசிபி (டாஸுக்கான டிசிபி/ஐபி நிரல் தொகுப்பு) பயன்படுத்தினால், அதன் அமைப்புக் கோப்பில் பாக்கெட்இன்ட் வரியிலும் அதே 0எக்ஸ்60 இருக்கட்டும்.

நெட்வேர் (நோவெல் நிறுவனத்தின் கோப்புப் பகிர்வு அமைப்பு) சர்வரும் வேண்டுமா? ஓடிஐக்குப் போங்கள். எல்எஸ்எல் (இணைப்பு அடுக்கு), அட்டை டிரைவர், ஐபிஎக்ஸ்ஓடிஐ (நெட்வேரின் ஐபிஎக்ஸ் நெறிமுறை) என்ற வரிசையில் ஏற்ற வேண்டும். நெட்.சிஎஃப்ஜி என்ற அமைப்புக் கோப்பில் தலைப்பு வரி ஓரத்தை ஒட்டியும், அதன் கீழ்வரும் வரிகள் உள்தள்ளியும் இருக்க வேண்டும். டிசிபி/ஐபிக்கு (இணைய நெறிமுறை) ஃபிரேம் வகை, அதாவது தரவைப் பொதியும் வடிவம், ஈதர்நெட்_II ஆக இருக்க வேண்டும்; 802.3 மட்டும் இருந்தால் நெட்வேர் ஓடும், இணையம் ஓடாது. இவற்றின் மேல் ஓடிஐபிகேடி என்ற இடைநிரலை ஏற்றினால் பாக்கெட் டிரைவர் நிரல்களும் வேலை செய்யும். அதற்கு இரண்டு எண்கள்: ஃபிரேமின் வரிசை எண் (0-விலிருந்து எண்ண வேண்டும்), பிறகு இன்டரப்ட். இன்டரப்ட்டைத் தசமத்தில் 96 என்று தர வேண்டும்; அதுதான் 0எக்ஸ்60.

என்டிஐஎஸ் மைக்ரோசாஃப்ட் நெட்வொர்க் பகிர்வுகளுக்கு. புரோட்டோகால்.ஐஎன்ஐ கோப்பு, புரோட்டோகால் மேனேஜர், கடைசியில் எல்லாவற்றையும் இணைக்கும் நெட்பைண்ட் என்று சடங்குகள் அதிகம், நினைவகமும் நிறையவே தின்னும். பகிர்வு தேவையில்லையென்றால் இந்தப் பக்கமே வேண்டாம்.

விண்டோஸ் 3.1-இல் டிரம்பெட் வின்சாக் (விண்டோஸுக்கான டிசிபி/ஐபி மென்பொருள்) ஓட்ட, பாக்கெட் டிரைவருக்கு அடுத்து, விண்டோஸ் தொடங்கும் முன்பே வின்பிகேடி என்ற நிரலை ஏற்றுங்கள். பாக்கெட் வரும் நொடியில் வேறொரு டாஸ் பெட்டி (விண்டோஸுக்குள் ஓடும் டாஸ்) இயங்கிக்கொண்டிருந்தால் அந்தப் பாக்கெட்டைச் சரியான இடத்துக்குத் திருப்புவது அதுதான். வின்சாக்.டிஎல்எல் வட்டில் ஒரே பிரதிதான் இருக்க வேண்டும். வேறொரு நிறுவனத்தின் பிரதி தேடல் பாதையில் (PATH) முன்னால் வந்தால் உலாவி அதைத்தான் எடுத்துக்கொள்ளும்.