நாயின் பின்னங்கால் கோணங்கள்: சிடி அளவீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முழங்கால் சில்லு உள்பக்கம் நழுவும் நாய்க்கு, சில்லு ஓடும் பள்ளத்தை ஆழமாக்கினால் போதுமா, தொடை எலும்பையே வெட்டி நேராக்க வேண்டுமா? இதை முடிவு செய்ய எலும்பின் கோணங்கள் தெரிய வேண்டும். எக்ஸ்ரேயில் தொடை சற்றே வெளிப்பக்கம் திரும்பியிருந்தாலும் நேரான எலும்பு வளைந்ததுபோல் தெரியும். அதனால்தான் சிடிக்குப் போகிறோம். சிடி எடுத்ததுமே அந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டதாக நினைப்பதுதான் பெரிய தவறு.

ஸ்கேனர் தரும் குறுக்குவெட்டுகள் மேசையின் நீளவாக்குக்குச் செங்குத்தானவை, எலும்புக்கு அல்ல. தொடை கொஞ்சம் மடங்கியிருந்தாலும், அந்தப் படங்களில் அப்படியே கோடு போட்டு எடுக்கும் முறுக்கக் கோணம் (எலும்பு தன் அச்சில் எவ்வளவு முறுகியிருக்கிறது என்ற அளவு) பிசகும். முதலில் எம்பிஆர் திரையில் (ஸ்கேன் படங்களை வேண்டிய தளத்தில் வெட்டிக் காட்டும் திரை) தொடை எலும்பின் நீள அச்சைக் கண்டு, அதற்குச் செங்குத்தாகத் தளத்தைத் திருப்புங்கள். அப்புறம் இரண்டு காண்டைல்களின் (தொடை எலும்பின் கீழ்முனையிலுள்ள உருண்ட புடைப்புகள்) பின்விளிம்பும் ஒரே மட்டத்தில் வரும்படி எலும்பை நிறுத்திவிட்டு, முன்பக்கத் தோற்றத்தில் வளைவை அளவிடுங்கள். கோடு போடுவதைவிட இதற்குத்தான் நேரம் ஆகும். ஆகட்டும், கோணத்தின் நம்பகத்தன்மை முழுக்க இதில்தான் இருக்கிறது. சில்லு நெடுநாள் நழுவிய நாய்களில் உள்பக்கக் காண்டைலே சரியாக வளராமல் இருக்கலாம். அப்போது இந்த மட்டமும் சாய்ந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

நாயின் தொடை எலும்பு முன்னோக்கி வளைந்தது. அச்சுக்கான புள்ளிகளைக் கண்ணளவில் வைத்தால் ஆளுக்கொரு கோணம் வரும். மேலிருந்து நீளத்தில் மூன்றில் ஒரு பங்கிலும் பாதியிலும் தண்டின் நடுவைக் குறிப்பது பரவலான வழக்கம். எந்த முறையோ, அதையே கடைசிவரை பின்பற்றுங்கள்.

எக்ஸ்ரேயில் எடுத்த இயல்பளவுகளோடு சிடி அளவைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிடுவதும் தவறு. இனமும் முக்கியம். எக்ஸ்ரே அளவீடுகளில் தொடை எலும்பின் கீழ்முனைக் கோணம் (எலும்பின் அச்சுக்கும் முழங்கால் மூட்டுக் கோட்டுக்கும் இடையே வெளிப்பக்கம் அமைவது) லாப்ரடாருக்குச் சராசரி 97 டிகிரி, ஜெர்மன் ஷெப்பர்டுக்கு 94. 102-ஐத் தொட்டால் எலும்பை வெட்டுவது பற்றி யோசிக்கும் மருத்துவர்கள் பலர். அந்த எல்லைக்கு அருகில் மூன்று நான்கு டிகிரி பிசகினாலே முடிவு மாறிவிடும்.

இடுப்பு முதல் கணுக்கால் மூட்டு வரை முழுதாக, 1 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய வெட்டுகளாக ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். கணுக்கால் விடுபட்டால் கீழ்க்கால் எலும்பின் முறுக்கத்தை அளவிட வழியில்லை. மறுகாலை இயல்பானதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சில்லு நழுவல் பல நாய்களுக்கு இரண்டு கால்களிலும் இருக்கும். இன்னொருவரையும் தனியாக அளக்கச் சொல்லுங்கள். இருவர் கோணமும் வேறுபட்டால், உடனே சராசரி எடுக்காமல் எந்தப் புள்ளியில் பிரிந்தீர்கள் என்று திரையில் பாருங்கள்.